தொலைவில் மருத்துவர், அருகில் யார்?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

முன்னுரை

நோய் வந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால் மருத்துவரிடம் செல்ல முடியாத இடத்தில் நோய் வந்தால் என்ன செய்வது? மலை உச்சியில் இருப்பவர், நடுக்கடலில் கப்பலில் இருப்பவர், நாளுக்கு இரண்டே பேருந்து வந்து போகும் சிற்றூரில் இருப்பவர் ஆகியோருக்கு யார் வைத்தியம் பார்ப்பது? இக்கேள்விக்கு விஞ்ஞானம் தந்த விடைதான் 'தொலை மருத்துவம்'. நோயாளி ஓரிடத்திலும் மருத்துவர் வேறோரிடத்திலும் இருக்க, தந்தி, வானொலி, தொலைபேசி, இணையம் ஆகியவற்றின் வழியாக மருத்துவ ஆலோசனை பெறுவதே தொலை மருத்துவம் ஆகும்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றையும் நாம் எளிதில் ஊகித்துவிடலாம். நான்காவதாக அவர் சொல்வது, நோயாளியின் அருகிலிருந்து மருந்தைக் கொடுத்துக் கவனிப்பவரை. தொலை மருத்துவம் மருத்துவரையும் மருந்தையும் நம் வீட்டு வாசலுக்கே கொண்டு வந்துவிட்டது. அந்த நான்காமவரை யார் கொண்டு வருவது? இக்கட்டுரையில் நான் ஆராய விரும்புவது இதுவே.

கம்பி வழியே சென்ற இதயத் துடிப்பு

தொலை மருத்துவம் நேற்றுப் பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் வில்லெம் ஐந்தோவன் என்ற விஞ்ஞானி இருந்தார். இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை அவர் அமைத்தார். இன்று 'இ.சி.ஜி.' என்று நாம் சொல்லும் சோதனைக்கு அதுவே அடிப்படை. அக்கருவியின் எடை சுமார் 270 கிலோ! அதை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல இயலாது. படுத்த படுக்கையாய் இருக்கும் நோயாளிகளை ஒவ்வொரு முறையும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு வருவதும் இயலாது. ஆகவே 1905ஆம் ஆண்டில் அவர் மருத்துவமனையையும் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வுக்கூடத்தையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்தார். நோயாளி மருத்துவமனையிலேயே இருக்க, அவர் இதயத் துடிப்பின் கோடுகள் ஆய்வுக்கூடத்தில் பதிவாயின. ஐந்தோவனுக்கு 1924இல் நோபல் பரிசு கிடைத்தது.

அங்கேயும் நோயாளியின் அருகில் ஒருவர் நின்று, கம்பிகளைச் சரியாகப் பொருத்த வேண்டியிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தந்தி அலுவலகத்தில் ஓர் அறுவைச் சிகிச்சை

1917ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த நிகழ்ச்சி ஒன்று கேட்போர் நெஞ்சை உருக்குவதாகும். அந்நாட்டின் மேற்குப் பகுதியில் ஹால்ஸ் கிரீக் என்ற சிற்றூர் உள்ளது. மாடு மேய்க்கும் ஜிம்மி டார்சி என்ற இளைஞர் குதிரையிலிருந்து விழுந்து கடுமையாக அடிபட்டு அங்கே கொண்டு வரப்பட்டார். அவ்வூரில் மருத்துவர் இல்லை. போஸ்ட் மாஸ்டர் டக்கெட் என்பவருக்கு முதலுதவி மட்டுமே தெரியும். அவர் உடனே நெடுந்தொலைவில் பெர்த் நகரில் இருந்த டாக்டர் ஹாலந்துக்குத் தந்தி அடித்தார். மருத்துவர் தந்தியிலேயே கேள்விகள் கேட்டார்; தந்தியிலேயே பதில்கள் வந்தன. சிறுநீர்ப்பை கிழிந்திருக்கிறது, உடனே அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்று அவர் சொன்னார். போஸ்ட் மாஸ்டர் திகைத்துப் போனார். ஆயினும் வேறு வழியில்லை. ஒவ்வொரு படியாகத் தந்தியில் வரும் குறிப்பைப் படித்துக்கொண்டே, பேனாக் கத்தியால் அந்தச் சிகிச்சையைச் செய்து முடித்தார்!

டாக்டர் ஹாலந்து கப்பலேறி, பின்னர் காரில் பயணம் செய்து, பல நாள்களுக்குப் பின் அவ்வூரை அடைந்தார். ஆனால் டார்சி அதற்கு முந்திய நாள் இறந்துவிட்டிருந்தார். போஸ்ட் மாஸ்டர் செய்த அறுவையில் குறை ஒன்றும் இல்லை. உடலில் ஏற்கனவே மலேரியா இருந்திருக்கிறது. அதைத் தந்தியின் மறுமுனையிலிருந்த மருத்துவர் எவ்வாறு அறிவார்? அருகிலிருந்தவர் கண்டு சொன்னால் அல்லவா அவருக்குத் தெரியும்!

இந்நிகழ்ச்சி அந்நாட்டு மக்களின் மனத்தை உலுக்கியது. ஜான் ஃபிளின் என்ற கிறிஸ்தவப் போதகர் இடைவிடாது முயன்று, 1928ஆம் ஆண்டு மே மாதம் கிளான்கரி என்ற ஊரில் 'பறக்கும் மருத்துவர்' சேவையைத் தொடங்கி வைத்தார். விமானம் வந்தது, ஆனால் மருத்துவரை அழைப்பது எப்படி? ஆல்ஃபிரெட் டிரேகர் என்ற பொறியியலர் 1929இல், சைக்கிளைப் போல் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவி ஒன்றை அமைத்துக் கொடுத்தார். மின்சாரமே இல்லாத பண்ணை வீடுகளிலிருந்து பெண்கள் அதை மிதித்து மருத்துவரை அழைத்தனர்.

பின்னர் 1942இல் அவ்வீடுகளுக்கு மருந்துப் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு மருந்தின்மேலும் ஓர் எண் இருக்கும். நீளமான மருந்துப் பெயர்களை வானொலியில் சொன்னால் தவறாகக் கேட்டுவிடலாம் அல்லவா? ஆகவே மருத்துவர் இன்ன எண்ணுள்ள மாத்திரையைக் கொடுங்கள் என்று மட்டும் சொல்வார். தாய்மார் பெட்டியைத் திறந்து அந்த எண்ணைத் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். எவ்வளவு எளிய, எவ்வளவு அரிய யோசனை!

கடலில் செல்வோரையும் உலகம் மறக்கவில்லை. இத்தாலி நாட்டின் ரோம் நகரில் 1935ஆம் ஆண்டு குவிடோ குவிடா என்ற மருத்துவர் ஒரு நிலையத்தை நிறுவினார். மருத்துவர் இல்லாத கப்பல்களுக்கு வானொலி மூலம் இலவசமாக ஆலோசனை சொல்வதே அதன் பணி. கம்பியில்லாத் தந்திக்குப் பெயர் பெற்ற மார்க்கோனியே அதன் முதல் தலைவராக இருந்தார்.

நம் நாட்டில் தொலை மருத்துவம்

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்ற சிற்றூர் உள்ளது. அப்போலோ மருத்துவமனையின் நிறுவனர் டாக்டர் பிரதாப் ரெட்டி பிறந்த ஊர் அது. 2000ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி பில் கிளிண்டன் அவ்வூரின் தொலை மருத்துவ நிலையத்தைத் தொடங்கி வைத்தார். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உதவியோடு, செயற்கைக்கோள் வழியாகச் சென்னை மருத்துவர்கள் அக்கிராமத்து நோயாளிகளைப் பார்த்தனர்.

நம் தமிழ்நாட்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பணி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976இல் 11 படுக்கைகளோடு இம்மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று சிற்றூர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கண் பார்வை மையங்களை அது நடத்துகிறது. அங்கே கண் மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் நோயாளியின் கண்ணைச் சோதித்து, கருவியின் வழியே படம் எடுத்து அனுப்புகிறார். பெரிய மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் அதைப் பார்த்து, நோயாளியோடு காணொலியில் பேசி முடிவு சொல்கிறார். கண்ணாடி போதுமா, சொட்டு மருந்து வேண்டுமா, அறுவை செய்ய வர வேண்டுமா என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. தோழியரே, இப்பணியைச் செய்பவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்துப் பயிற்சி பெற்ற இளம் பெண்கள். நம் அக்காமாரைப் போன்றவர்கள்!

இ-சஞ்சீவனி

2019ஆம் ஆண்டு நவம்பரில் நடுவண் அரசு 'இ-சஞ்சீவனி' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அனுமன் கொண்டு வந்த சஞ்சீவி மூலிகையை நினைவூட்டும் பெயர் இது. கொரோனா நோய் பரவி ஊரடங்கு நடப்பிலிருந்த 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் முதல், மக்கள் தம் வீட்டிலிருந்தே மருத்துவரோடு பேசும் வசதியும் வந்தது. 2023 பிப்ரவரிக்குள் இத்திட்டத்தில் பத்துக் கோடி ஆலோசனைகள் நடந்து முடிந்தன.

இது இரு வகைகளில் செயல்படுகிறது. முதல் வகையில், நோயாளி தம் ஊரிலுள்ள நலவாழ்வு மையத்துக்குச் செல்கிறார். அங்குள்ள செவிலியர் ரத்த அழுத்தம், காய்ச்சல் முதலியவற்றைப் பார்த்து, கணினியின் வழியே மருத்துவரோடு பேச வைக்கிறார். இரண்டாம் வகையில், நோயாளி வீட்டிலிருந்தே கைப்பேசி எண்ணைப் பதிவு செய்து, டோக்கன் பெற்று, தம் முறை வரும் வரை காத்திருந்து மருத்துவரோடு பேசுகிறார். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு கைப்பேசிக்கே வந்துவிடும். கட்டணம் கிடையாது.

இவை தவிர, தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணை அழைத்து மருத்துவ ஆலோசனை பெறலாம். மனக்கவலையால் வாடுவோருக்கு 14416 என்ற எண் 2022 அக்டோபர் முதல் நாடு முழுவதும் உள்ளது. ஆனால் நெஞ்சு வலி, விபத்து, மூச்சுத் திணறல் போன்ற அவசர வேளைகளில் ஆலோசனை கேட்டுக்கொண்டிராமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

விதிகள் சொல்வது என்ன?

தொலை மருத்துவத்துக்கான வழிகாட்டு விதிகளை இந்திய அரசு 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், வெளியிட்டது. நாம் அறிந்துகொள்ள வேண்டிய சிலவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

1. பதிவு பெற்ற மருத்துவரே ஆலோசனை சொல்லலாம். அவருடைய பதிவு எண் மருந்துச் சீட்டில் இருக்க வேண்டும்.

2. நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று மருத்துவர் கருதினால், எந்நேரத்திலும் நிறுத்திவிட்டு நேரில் வரச் சொல்லலாம். நோயாளிக்கும் நிறுத்திக்கொள்ளும் உரிமை உண்டு.

3. போதை தரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதித் தரக் கூடாது.

4. கணினியின் செயற்கை அறிவு தானாகவே நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ, மருந்து எழுதவோ கூடாது. மருத்துவருக்கு அது துணை செய்யலாம், அவ்வளவே.

5. 16 வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடையவர்கள் தனியாக ஆலோசனை பெற முடியாது. பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும்.

ஐந்தாம் விதியைப் படித்தபோது எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது. பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றிச் சொல்லத் தெரியாதா என்று நினைத்தேன். பிறகு சிந்தித்துப் பார்த்தேன். நோயாளியின் அருகில் பொறுப்புள்ள ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதே அவ்விதியின் கருத்து. வள்ளுவர் சொன்ன அந்த நான்காமவரை இவ்விதியும் கேட்கிறது.

எங்கள் வீட்டில் நடந்தது

இவ்விடத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வு விடுமுறையில் நான் என் ஆச்சியின் கிராமத்தில் இருந்தேன். ஆச்சிக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ஒரு நாள் மாலை அவர்கள் கால் கழுவத் தண்ணீர் ஊற்றும்போது, இடது கால் விரல் இடுக்கில் புளியங்கொட்டை அளவு கறுத்த புண் ஒன்றைப் பார்த்தேன். "வலிக்கலியா ஆச்சி?" என்று கேட்டேன். "வலியே இல்லட்டி. உங்கம்மாட்ட சொல்லிராத. அக்கா கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்" என்றார்கள்.

மறுநாள் அம்மா கைப்பேசியில் ஒரு மருத்துவரை அழைத்தார்கள். அம்மா அடுப்படியில் வேலையாய் இருந்ததால் கைப்பேசியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மருத்துவர் மிகவும் அன்பானவர். மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "காலில் புண் ஏதாவது இருக்கா பாட்டி?" என்றும் கேட்டார். ஆச்சி சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லம்மா" என்றார்கள். மருத்துவர் நம்பினார். அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஆச்சியின் சிரித்த முகம் மட்டுமே. நானும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் பேச்சைத் தட்டக் கூடாது என்று எண்ணிக்கொண்டேன்.

பன்னிரண்டு நாள்கள் கழித்து ஆச்சிக்குக் கடும் காய்ச்சல் வந்தது. மருத்துவமனையில் சேர்த்தோம். இடது காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்திலேயே காட்டியிருந்தால் விரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். சர்க்கரை நோய் நாள்பட்டால் காலின் நரம்புகள் உணர்ச்சி குன்றிவிடுமாம். ரத்த ஓட்டமும் குறைந்துவிடுமாம். ஆகவே புண் வந்தாலும் வலி தெரியாது. எளிதில் ஆறவும் செய்யாது. வலியே இல்லை என்று ஆச்சி சொன்னது உண்மைதான். அந்த உண்மையே ஆபத்தின் அறிகுறி என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

தொலைபேசியில் பேசிய அந்த மருத்துவர்மேல் குற்றமில்லை. அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். அன்று என் கையிலிருந்த கைப்பேசியை ஓர் அடி கீழே திருப்பியிருந்தால் போதும். அவர் பார்த்திருப்பார். நான் திருப்பவில்லை. இதை எழுதும்போதும் என் மனம் வருந்துகிறது.

நாம் செய்ய வேண்டியவை

தொலைவிலுள்ள மருத்துவரால் நம் முகத்தைப் பார்க்க முடியும். பேச்சைக் கேட்க முடியும். தோலில் உள்ள தடிப்பையும் பரிசோதனை அறிக்கையையும் பார்க்க முடியும். ஆனால் அவரால் வயிற்றை அழுத்திப் பார்க்க முடியாது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க முடியாது. புண்ணின் நாற்றத்தை அறிய முடியாது. ஆகவே அருகிலிருப்பவரே அவருக்குக் கண்ணும் கையும் ஆவார். நம் வீடுகளில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளாகிய நாமே. எனவே கீழ்க்கண்டவற்றை நாம் கைக்கொள்ள வேண்டும்.

மருத்துவரை அழைக்கும் முன்பே, என்று முதல் நோய், என்னென்ன தொல்லைகள், எத்தனை பாகை காய்ச்சல் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை மறவாமல் சொல்ல வேண்டும். வெளிச்சமான இடத்தில் அமர வேண்டும். மருத்துவர் சொல்வதை எழுதி, சரிதானா என்று திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். இத்தனை நாளில் குணமாகாவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டு வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையைச் சொல்ல வேண்டும். நோயாளி மறைத்தாலும், அன்போடும் பணிவோடும் நாம் அதைச் சொல்லிவிட வேண்டும். அது கீழ்ப்படியாமை ஆகாது.

முடிவுரை

ஐந்தோவனின் கம்பியிலிருந்து இன்றைய கைப்பேசி வரை ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆயினும் பேனாக் கத்தியோடு நின்ற போஸ்ட் மாஸ்டர், வானொலியை மிதித்த பண்ணைத் தாய்மார், கண்ணைப் படமெடுக்கும் கிராமத்து அக்காமார் ஆகிய இவர்கள் இல்லாமல் எந்தக் கருவியும் ஒருவரையும் குணப்படுத்தியதில்லை. விஞ்ஞானம் மருத்துவரின் அறிவை நொடியில் நம்மிடம் கொண்டு வந்துவிடும். அருகிலிருந்து கவனிக்கும் அன்பை அது கொண்டு வராது. அது நம்மிடமிருந்துதான் வர வேண்டும்.

இப்பொழுது ஆச்சி எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் மாலையில் நான் விளக்கைக் கொண்டு வருவதற்கு முன்பே, அவர்கள் இரு கால்களையும் நீட்டி அமர்ந்துவிடுகிறார்கள். நான் ஒவ்வொரு விரல் இடுக்காகப் பார்க்கிறேன். மற்ற நாள்களில் அம்மா பார்க்கிறார்கள். அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் சர்க்கரை நோயுள்ள தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இதழை மூடி வைத்துவிட்டு இன்றே அவர்கள் கால்களைப் பாருங்கள்.